பூசணம் தேய்த்த அறை

வீட்டில் பூசணம் பிடித்த பொருள் ஏதாவது இருந்ததா என்று டாக்டர் கேட்டபோது ஜாஸ்பர் இல்லை என்றுதான் சொன்னான். அப்படிச் சொன்னதில் கொஞ்சம் பெருமைகூட இருந்தது. மனைவி ஷைஜா ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வருவதற்கு முன்னால் அவனுடைய அண்ணன் தங்கையன் இரண்டு நாள் நின்று வீட்டைச் சுத்தம் செய்திருந்தார். ஜெபத்துக்கு வந்தவர்கள் மினுங்கும் தரையைப் பார்த்து வாசலிலேயே தயங்கி நின்றார்கள்.

டாக்டர் திருவனந்தபுரத்துக்காரி. மலையாளம் கலந்த தமிழில் நிதானமாகப் பேசுகிறவர். ஷைஜாவின் ஸ்கேன் படத்தை மேசைமேல் வைத்துவிட்டு, அண்ணன் எப்படிச் சுத்தம் செய்தார் என்று மட்டும் கேட்டார்.

ஜாஸ்பர் சொல்லத் தொடங்கினான். பாதி சொல்லும்போதே அவன் குரல் இறங்கிவிட்டது.

தக்கலைக்கு வடக்கே ஒரே வளவில் இரண்டு வீடு. ஒன்றில் தங்கையனும் அவர் மனைவி ராஜபாயும். பிள்ளைகள் இல்லை. மற்றதில் ஜாஸ்பரும் ஷைஜாவும். ஜாஸ்பருக்கு டைல்ஸ் கடையில் வேலை. அப்பா விட்டுப்போன ரப்பர் மரங்களில் இருவருக்குமாகத் தங்கையனே பட்டையைக் கீறிப் பால் வெட்டினார். பாலை உறையவைத்து, ரோலரில் கொடுத்து ஷீட் ஆக்கி, காயவைத்து, ஜாஸ்பர் வீட்டுப் பின்னறையில் அடுக்கி வைப்பார். அவர் வீடு ஓட்டு வீடு, ஒழுகும். தம்பி வீடு கான்கிரீட்.

விலைக்காகக் காத்துக் கிடக்கும் ஷீட்டில் மழைக்காலம் வந்தால் வெள்ளையும் சாம்பலுமாகப் பூசணம் பூக்கும். பூத்த ஷீட்டைக் கடைக்காரர் ஓரமாகத் தள்ளிவிடுவார். வெயில் இருந்தால் தண்ணீரில் கழுவிக் காயப்போடலாம். மழையில் கழுவினால் காயாது, இன்னும் அதிகமாகப் பூக்கும். அதனால் ஆனி ஆடி மழையில் எல்லா வீட்டிலும் கதவை அடைத்துக்கொண்டு, உலர்ந்த தேங்காய் நார்த் தும்பால் ஷீட்டைத் தேய்த்து எடுப்பார்கள். தேய்க்கத் தேய்க்க அரிசி மாவு போலப் பறக்கும். தேய்ப்பவர் தும்முவார், இருமுவார், பிறகு பால் விடாமல் ஒரு கட்டன் சாயா குடிப்பார். ரப்பர் வைத்திருப்பவர்களுக்கு அது ஒரு வேலை, அவ்வளவுதான்.

ஷைஜாவுக்கு இரத்தத்தில் புற்றுநோய். கடுமையான மருந்து ஏற்றி முடித்து வீட்டுக்கு அனுப்பும்போது, அவள் உடம்பில் நோயை எதிர்க்கும் சக்தி அநேகமாக இல்லை என்றும், வீட்டில் ஒரு பொட்டுத் தூசி இருக்கக் கூடாது என்றும் ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். ஜாஸ்பர் அதை அப்படியே போனில் அண்ணனுக்குச் சொன்னான். ஒரு பொட்டுத் தூசி இருக்கக் கூடாது. தூசியைக் கிளப்பவும் கூடாது என்று அவனுக்கு யாரும் சொல்லவில்லை, அவனுக்கும் தோன்றவில்லை.

தங்கையன் தம்பி சொன்னதை வேதவாக்கியம் போல எடுத்துக்கொண்டார். பின்னறையில்தான் கக்கூஸ் சேர்ந்திருந்தது. ஷைஜா எழுந்து தூரம் நடக்க வேண்டாம் என்று அந்த அறையையே அவளுக்கு ஒதுக்கினார். அதற்கு ஷீட்டை எல்லாம் காலிசெய்ய வேண்டும். வெளியே மழை விடாமல் பெய்தது. ஆகவே உள்ளேயே உட்கார்ந்து அத்தனையையும் தேய்த்து, சாக்கில் கட்டிக் கடைக்கு அனுப்பினார். ராஜபாய் மெத்தையை அங்கேயே போட்டு அடித்தாள், வாரியலால் சுவரையும் தரையையும் அடித்து வாரினாள். பினாயில் விட்டுத் துடைத்தார்கள். தரை சீக்கிரம் காயட்டும் என்று மின்விசிறியை முழு வேகத்தில் வைத்தார்கள். மறுநாள் அந்த மெத்தையில் ஷைஜாவைப் படுக்கவைத்து, சுற்றி உட்கார்ந்து ஸ்தோத்திர ஜெபம் செய்தார்கள்.

ஒரு வாரத்தில் காய்ச்சல் வந்தது. பிறகு நெஞ்சுவலி.

டாக்டர் எல்லாவற்றையும் கேட்டார். எந்த வீட்டுத் தூசியிலும் இந்தப் பூசணக் காளானின் வித்துகள் உண்டு, நாம் எல்லோரும் தினமும் சுவாசிக்கிறோம், நல்ல உடம்பு அதைச் சமாளித்துவிடும் என்றார். இவள் உடம்பில் அதைத் தடுக்க ஆளில்லை. நுரையீரலில் வேர்விட்டிருக்கிறது. அந்த அறையிலிருந்துதான் வந்தது என்று யாராலும் சத்தியம் செய்ய முடியாது, வேறு எங்கிருந்தும் வந்திருக்கலாம். ஆனால் அந்த அறை மிக மோசமான அறை. இதைச் சொல்லிவிட்டு அவர் இன்னொன்று கேட்டார்.

"ஆ சேட்டனுக்கு, அந்த அண்ணனுக்கு, இருமல் உண்டோ?"

உண்டு என்றான் ஜாஸ்பர். வருஷக்கணக்காக உண்டு. மழைக்காலத்தில் கூடும்.

"அவரோடு பறயணும். இனி இந்த ஜோலி இப்படிச் செய்யக் கூடாது. நெஞ்சைக் காண்பிக்கணும். அவருடைய நெஞ்சும் நன்றாக இருக்காது."

ஜாஸ்பர் வார்டுக்குத் திரும்பினபோது ஷைஜா கண்ணைத் திறந்தே கிடந்தாள்.

"டாக்டரு என்ன சொன்னாவ?"

"மருந்து மாத்துவாவளாம். வேற ஒண்ணுமில்ல."

"ஒங்களுக்குப் பொய் சொல்ல வராது. சும்மா மெனக்கெடாதிய."

அவன் சொன்னான். அவள் அழவில்லை.

"பாவம் அத்தான்," என்றாள். தங்கையனை அவள் அப்படித்தான் கூப்பிடுவாள். "நான் எழும்பி வந்தா அவருட்ட ஒண்ணும் சொல்லாண்டாம். நானே ஒரு நாளு கேலி பண்ணிச் சொல்லிக்கிடுதேன். எழும்பலேன்னா நீங்க சொல்லணும்."

"அது எதுக்கு இப்பம்?"

"அவருக்க இருமலக் கேட்டிருக்கியளா? சொல்லலேன்னா அவரும் எனக்குப் பின்னால வந்திருவாரு. வந்து அங்கயும் எனக்க அறைய அடிச்சு வாருவாரு. அங்கயாவது நான் கொஞ்சம் மூச்சு விடாண்டாமா?"

அவள் சிரிக்கப் பார்த்தாள். மூக்கில் இருந்த குழாய் விலகியது. அவன் அதைச் சரியாக வைத்தான். சொல்லுகிறேன் என்று அவளுக்கு வாக்குக் கொடுத்தான். அவள் பிழைத்துவிட்டால் அந்த வாக்குக்கு வேலை இருக்காது என்று அப்போது அவன் நம்பினான்.

காளானுக்கான மருந்தை இரவும் பகலும் ஏற்றினார்கள். இரத்தத்தில் ஏற வேண்டிய அணுக்கள் ஏறவில்லை. ஆவணியில் ஒரு வியாழக்கிழமை ஷைஜா கர்த்தருக்குள் நித்திரையடைந்தாள்.

கல்லறைத் தோட்டத்தில் மண்போட்டு முடித்தபின் எல்லோரும் கலைந்தார்கள். தங்கையன் மட்டும் ஜாஸ்பரின் கையை விடவில்லை. "அந்த அறைய நான் எவ்வளவு சுத்தமா, வெடிப்பா ஆக்கி வச்சிருந்தேன் மக்கா. ஒரு மாசம்கூட அவ அதுல கெடக்கலியே," என்றார். அதையே வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தார்.

அந்த மனிதரிடம் எதைச் சொல்வது?

துக்கத்தில் இருக்கிறவனுக்கு உண்மையும் அன்பும் இரண்டு எதிர்த் திசைகளில் நிற்பது போலத் தோன்றும். ஒன்றின் பக்கம் போனால் மற்றதை விட்டுவிட வேண்டும் என்று நினைப்பான். ஜாஸ்பரும் அப்படி நினைத்தான். நாளைக்குச் சொல்லலாம், ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து சொல்லலாம் என்று தள்ளிப்போட்டான். தங்கையனோ தினமும் விடியுமுன் வெட்டுக்குப் போய்விட்டு வந்து, தம்பி வீட்டு முற்றத்தைத் தூத்துப் பெருக்கி, கஞ்சி கொண்டுவந்து வைத்துவிட்டு, அவன் குடிக்கிறவரைக்கும் எதிரே உட்கார்ந்திருப்பார். அப்போதும் இருமுவார். இருமி முடித்து நெஞ்சைத் தடவிக்கொண்டு, "நீ குடி மக்கா," என்பார்.

ஐப்பசி பிறந்தது. மழை மறுபடி பிடித்துக்கொண்டது. பின்னறையில் மறுபடி ஷீட் அடுக்கப்பட்டது. ஷைஜாவின் கட்டிலைச் சுவரோரம் சாய்த்துவைத்துவிட்டு அந்த இடத்திலேயே அடுக்கினார்கள். சில நாளில் அதுவும் பூத்தது.

ஜாஸ்பர் சின்னச் சின்னப் பொய்களைச் சொன்னான். பூத்ததையே எடுத்துக்கொள்ளும் கடை ஒன்று குலசேகரத்தில் இருப்பதாகச் சொன்னான். தங்கையன் விசாரித்து, அப்படி ஒரு கடை கிடையாது என்று வந்து சொன்னார். முகக்கவசம் வாங்கிக் கொடுத்தான். கொரோனா போய் எத்தனை காலமாச்சு என்று அதை ஆணியில் தொங்கவிட்டார். தும்பை எடுத்து ஒளித்துவைத்தான். தேங்காய்க்கும் தும்புக்கும் பஞ்சமில்லாத ஊர். தங்கையன் வேறு தும்பு உரித்துக்கொண்டார். இதற்கிடையில் ராஜபாய், அவருக்கு மல்லாந்து படுக்க முடியவில்லை, சுவரில் சாய்ந்துதான் உறங்குகிறார் என்று சொன்னாள். பால் வாளியோடு மேட்டில் ஏறும்போது இரண்டு இடத்தில் நிற்கிறாராம்.

ஒரு சனிக்கிழமை ஜாஸ்பர் கடையிலிருந்து வந்தபோது பின்னறைக் கதவு அடைத்திருந்தது. உள்ளே இருமல் கேட்டது. நிற்காத இருமல். கதவைத் தள்ளினான். தங்கையன் தோர்த்துத் துண்டை முகத்தில் கட்டிக்கூட இல்லாமல், கால்களுக்கு நடுவே ஒரு ஷீட்டைப் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தார். பல்பைச் சுற்றித் தூள் மிதந்தது. அவர் புருவம் வெளுத்திருந்தது.

"வெளிய வா அண்ணா."

"இன்னும் நாலஞ்சுதான் மக்கா. நீ போய் முகம் கழுவு."

"வெளிய வான்னு சொல்லுதேன்."

தம்பி இப்படி அதட்டி அவர் கேட்டதில்லை. எழுந்து வந்தார். அடுக்களை வாசற்படியில் உட்காரவைத்து ஜாஸ்பர் குடிக்க வெள்ளம் கொடுத்தான். அவர் மூச்சு நிதானப்படும்வரை காத்திருந்தான். பிறகு, நின்றுகொண்டு சொல்லக் கூடாது என்று தோன்றி, அவர் பக்கத்தில் படியிலேயே உட்கார்ந்தான். டாக்டர் கேட்டதையும், தான் சொன்னதையும், ஸ்கேன் படத்தையும், உறுதியாகச் சொல்ல முடியாது என்று டாக்டர் சொன்னதையும், ஒன்றையும் கூட்டாமல் குறைக்காமல் சொன்னான். தூசி இருக்கக் கூடாது என்று போனில் சொன்னது தான்தான் என்பதையும் சொன்னான்.

தங்கையன் தன் உள்ளங்கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். ரேகைகளில் வெள்ளை ஒட்டியிருந்தது.

"அவளுக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"தெரிஞ்சிட்டுதானா ஆஸ்பத்திரில என்னைப் பக்கத்துல இருக்கவச்சு ஜெபம் பண்ணச் சொன்னா?"

"ஆமா."

ஷைஜா சொன்ன கேலியையும் ஜாஸ்பர் சொன்னான், அதில் அவருக்கு ஏதாவது ஆறுதல் கிடைக்கும் என்று நினைத்து. அவர் சிரிக்கவில்லை. கையை வேட்டியில் துடைத்தார். துடைத்த இடத்தையும் பார்த்தார். பிறகு எழுந்து, மழையில் நனைந்துகொண்டே தன் வீட்டுக்குப் போனார்.

மறுநாள் காலை முற்றம் பெருக்கப்படவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்று ஜாஸ்பர் கூப்பிட்டதற்கு, கதவுக்குப் பின்னாலிருந்து தங்கையன் ஒரே வார்த்தை சொன்னார். "எனக்கு எதுக்கு?" அவர் வெட்டுக்கும் போகவில்லை. ராஜபாய் ஜாஸ்பரைப் பார்த்தும் பார்க்காதவள் போல நடந்தாள். ஒரு தடவை வேலியருகே அவன் "மைனி" என்று கூப்பிட்டான். அவள் வாளியை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். சொன்னது தவறோ என்று அவன் மனம் அடித்துக்கொண்டது. சொல்லாமல் இருந்தால் அண்ணனை மெல்லக் கொல்வது. சொன்னதாலும் அவர் சாகத் துணிந்துவிட்டால்? அவன் ஜெபித்தான். வார்த்தை வரவில்லை. முழங்காலில் நின்றதோடு சரி.

சபையில் மாதம் ஒரு தடவை வீட்டு ஜெபம் உண்டு. அந்த மாதம் ராஜமணி வீட்டில். ராஜமணி ஆட்டோ ஓட்டுகிறவன், கொஞ்சம் ரப்பர் மரமும் உண்டு. மழையோடு மழையாக முன்னறையில் பாயைப் போட்டு எல்லோரும் உட்கார்ந்திருந்தார்கள். தங்கையன் வந்து கதவோரம் நின்றதை ஜாஸ்பர் கண்டான். வருவார் என்று அவன் எதிர்பார்க்கவில்லை. பாட்டு முடிந்து சாட்சி சொல்லும் நேரம் வந்தது. ஒரு பெண் மகனுக்கு வேலை கிடைத்ததற்காகக் கர்த்தரைத் துதித்தாள். அடுத்து தங்கையன் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு பேசத் தொடங்கினார்.

"சாட்சின்னா கர்த்தரு செய்த நன்மையச் சொல்லணும். நான் செய்ததச் சொல்லுதேன். பொறுக்கணும்."

நாலு வார்த்தைக்கு ஒரு தடவை மூச்சு வாங்கினார். அறையைச் சொன்னார், மழையைச் சொன்னார், தும்பைச் சொன்னார். ஷைஜாவை அதில் படுக்கவைத்ததைச் சொன்னார். அதனால்தான் என்று டாக்டர் சத்தியம் செய்யவில்லை, அதனால் இல்லை என்றும் சொல்லவில்லை என்றார். ஜாஸ்பர் தலை குனிந்திருந்தான்.

"ஷீட்டுல பூக்கது வெறும் தூசி இல்ல. அதுக்கு உயிருண்டு. இனி யாரும் வீட்டுக்குள்ள வச்சு உலரத் தேய்க்காதிய. சீக்காளி இருக்கிய வீட்டுல வாரியல் எடுக்காதிய, ஈரத்துணி வச்சுத் தொடைங்க. எனக்குத் தெரியாது. தெரியாமச் செய்தாலும் போனவ போனவதான்."

வழக்கமாக ஒரு சாட்சி முடிந்தால் ஸ்தோத்திரம் சொல்வார்கள். அன்று யாரும் சொல்லவில்லை. போதகரும் வேதப்புத்தகத்தை மூடிய கையோடு இருந்தார். தங்கையனுக்கு இருமல் வந்து, குனிந்து, நிமிர முடியாமல் நின்றார்.

ராஜமணி எழுந்தான். அவன் மகளுக்கும் மழைக்காலத்தில் இழுப்பு உண்டு. அவள் உறங்குவது ஷீட் அடுக்கியிருக்கும் அறையில். அவன் தங்கையனின் தோளைப் பிடித்து ஒரு நாற்காலியில் இருத்தினான். "அண்ணா, எனக்க வீட்டுலயும் கெடக்கு. எப்பிடி எடுக்கணும்னு நீங்கதான் சொல்லித் தரணும்," என்றான்.

"நானா?"

"பின்ன யாருக்கு இப்பம் இது தெரியும்?"

தங்கையன் ஈரச் சாக்கு நாலு கொண்டுவரும்படி சொன்னார். பிள்ளைகளையும் பெண்களையும் முன்பக்கம் நிறுத்தச் சொன்னார். ஜாஸ்பரும் இன்னும் மூன்று ஆண்களும் நனைந்த தோர்த்தை மூக்கில் கட்டிக்கொண்டு, ஷீட்டுகளை ஈரச் சாக்கால் மூடி, பின்வாசல் வழியாகத் தூக்கிப்போய் மழையில் போட்டார்கள். தங்கையன் உள்ளே வராமல் முன்வாசலில் இருந்தபடியே, பைய, பைய, தட்டாம எடு என்று சொல்லிக்கொண்டிருந்தார். நனைந்த ஷீட்டுக்கு இனி நல்ல விலை கிடைக்காது என்று அங்கிருந்த எல்லோருக்கும் தெரியும். ராஜமணி அதைப் பேசவே இல்லை. மறுநாள் காலை அவனே ஆட்டோவைத் தங்கையன் வீட்டு வாசலில் கொண்டுவந்து நிறுத்தினான். தங்கையன் மறுப்பதற்குள் பையைப் பிடுங்கி உள்ளே வைத்துவிட்டான்.

தக்கலை ஆஸ்பத்திரியில் நல்ல கூட்டம். தங்கையனின் நெஞ்சுப் படத்தைப் பார்த்த அங்குள்ள டாக்டர் எதையும் மறைக்கவில்லை. பல வருஷத் தூசி இரண்டு நுரையீரலையும் தழும்பாக்கியிருக்கிறது. போனது திரும்பாது. மேற்கொண்டு போகாமல் வேண்டுமானால் பார்க்கலாம். அதற்கு மருந்து உண்டு, ஷீட் பக்கமே போகக் கூடாது. மேடு ஏறி வெட்டுவதும் இனிக் கஷ்டம். தங்கையன் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். மேல்சட்டையைப் போட அவருக்கு நேரம் பிடித்தது. ஜாஸ்பர் ஒரு கையை நுழைத்துவிட்டான். அவர் தடுக்கவில்லை.

வெளியே பெஞ்சில் ராஜபாய் உட்கார்ந்திருந்தாள். வரும் வழியெல்லாம் அவள் பேசவில்லை. தங்கையனையும் ராஜமணியையும் மருந்து வாங்கும் இடத்துக்கு அனுப்பிவிட்டு ஜாஸ்பர் அவள் பக்கத்தில் போய் நின்றான்.

"மைனி, நான் சொல்லியிருக்காண்டாம்னு நினைக்கியளா?"

அவள் சேலைத் தலைப்பை விரலில் சுற்றினாள், அவிழ்த்தாள்.

"அவருட்ட சொன்ன. நல்லது. அவரு ராத்திரி வந்து எனக்குச் சொன்னாரு. நீ எனக்குச் சொல்லல்ல." அவள் குரல் ஏறவில்லை. "மெத்தைய அடிச்சது யாரு? சொவர அடிச்சு வாரினது யாரு? நானும் அந்த அறைக்குள்ளதான் நின்னேன் ஜாஸ்பரே. அவருக்கு என்னன்னு கேக்கதுக்கு நீ இருந்த. எனக்கு என்னன்னு கேக்கதுக்கு யாரு இருக்கா?"

ஜாஸ்பர் இத்தனை நாளும் மருந்தைப் பற்றி நினைத்தான், அண்ணனைப் பற்றி நினைத்தான், வாக்கைப் பற்றி நினைத்தான். அத்தனை வருஷம் அதே தூளுக்குள் அண்ணனுக்கு எதிரே உட்கார்ந்து ஷீட்டைத் திருப்பிக் கொடுத்தவளை ஒரு தடவைகூட நினைக்கவில்லை.

"ஒங்களுக்கும் இருமல் உண்டா மைனி?"

"உண்டு."

அவன் அவள் கையிலிருந்த குடையை வாங்கிச் சுவரில் சாய்த்துவைத்துவிட்டு, சீட்டுக் கொடுக்கும் ஜன்னலுக்குப் போனான். வரிசை வாசல்வரை நீண்டிருந்தது. கடைசியில் போய் நின்றான். முன்னால் நின்றவர், இனி உச்சை நேரத்துக்குத்தான் கிடைக்கும் என்று சொன்னார். இருக்கட்டும் என்றான். ஜன்னலை நெருங்கியபோது உள்ளே இருந்தவர் நிமிராமல் பேர் கேட்டார்.

"ராஜபாய்," என்றான் ஜாஸ்பர்.